பத்து மணி வகுப்புக்கு ஒன்பது மணிக்கு வந்த பெற்றோர்

இணையதளம் நடத்துபவர்களின் கேள்விகள்

கேள்வி: எங்கள் தமிழ்ப் பள்ளி ரொறன்ரோவில் சனிக்கிழமைதோறும் காலை 10 மணிக்கு நடக்கிறது. இலக்கண வகுப்பைச் சென்னையில் இருக்கும் ஓர் ஆசிரியை ஆன்லைனில் எடுக்கிறார். பள்ளியின் வேர்ட்பிரஸ் தளத்தில் நிகழ்ச்சிக் காலண்டர் ப்ளகின் ஒன்று இருக்கிறது. குளிர்காலம் முழுக்கப் பிரச்சினை இல்லை. 2026 மார்ச் 8இல் கோடை நேரத்துக்காக மணிக்கூட்டை மாற்றிய பிறகு, தளத்தில் 10 என்றும், அதே காலண்டரைப் போனில் சேர்த்தவர்களுக்கு 11 என்றும் வருகிறது. 14ஆம் தேதி பிள்ளைகள் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். ஆசிரியையின் போனில் இரவு 8.30 என்றுதான் இருந்ததாம். தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி வகுப்பு நேரத்தை 9 என்று மாற்றிவிட்டார். இப்போது போனில் சரியாக வருகிறது, ஆனால் தளத்தைப் பார்த்த பெற்றோர் சிலர் 9 மணிக்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். வேறு ப்ளகினுக்கு மாறலாமா? (வாசகி, ரொறன்ரோ)

பதில்: வேண்டாம், ப்ளகின் பாவம். டாஷ்போர்டில் செட்டிங்ஸ், அதற்குள் ஜெனரல், அங்கே டைம்ஸோன் என்ற பெட்டியைப் பாருங்கள். அதில் ‘யுடிசி-5’ (யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு ஐந்து மணி நேரம் பின்னால்) என்று இருக்கும் என்று நான் பந்தயமே கட்டுவேன். அந்தப் பட்டியலில் கண்டம் கண்டமாக ஊர்ப் பெயர்கள் வந்து முடிந்த பிறகு, அடியில் வெறும் எண்களாகச் சில வரிசைகள் இருக்கும். தளத்தை அமைத்தவர் குளிர்காலத்தில் அமைத்திருப்பார், ரொறன்ரோ ஐந்து மணி நேரம் பின்னால் என்பது அவருக்குத் தெரியும், எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருப்பார். எண்ணுக்குக் கோடையும் தெரியாது, குளிரும் தெரியாது. ஊர்ப் பெயருக்குத் தெரியும். மார்ச் இரண்டாம் ஞாயிறில் ரொறன்ரோ நான்கு மணி நேரப் பின்னடைவுக்கு வரும், நவம்பர் முதல் ஞாயிறில் மறுபடி ஐந்துக்குப் போகும் என்ற விதியெல்லாம் அந்தப் பெயரோடு சேர்ந்தே வருகிறது.

அப்படியானால் தளத்தில் மட்டும் எப்படி 10 என்று சரியாகத் தெரிந்தது? நீங்கள் அடித்த 10ஐ, ஐந்தைக் கூட்டி, யுடிசி 15 மணி என்று அது எழுதி வைத்துக்கொள்கிறது. காட்டும்போது அதே ஐந்தைக் கழித்து 10 என்று காட்டுகிறது. தப்பான கணக்கைப் போட்டு, அதே தப்பால் திருப்பியும் போட்டால் விடை சரியாகத்தானே வரும்? வெளியே போகும்போதுதான் குட்டு உடைகிறது. போனுக்குப் போவது யுடிசி 15 மணி. போன் ஒழுங்காக நான்கைக் கழித்து 11 என்கிறது, சென்னைப் போன் ஐந்தரையைக் கூட்டி இரவு 8.30 என்கிறது. நீங்களே கண்ணால் பார்க்க வேண்டுமா? அந்த நிகழ்ச்சியின் ஐகால் கோப்பை (போன் காலண்டருக்குப் போகும் கோப்பு அதுதான்) இறக்கி நோட்பேடில் திறங்கள். ‘டிடிஸ்டார்ட்’ என்று தொடங்கும் வரியில் 20260314 என்ற தேதி, ஒரு ‘டி’, அப்புறம் 150000, கடைசியில் ஒரு ‘இசட்’ இருக்கும். இசட் என்றால் யுடிசி நேரம் என்று அர்த்தம். அங்கே 140000 இருந்திருக்க வேண்டும்.

தம்பி செய்ததைத்தான் எல்லோரும் செய்வார்கள், நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். ஆனால் வகுப்பு நேரத்தை நகர்த்தி நேர மண்டலத்தைச் சரிக்கட்டினால், ஒரு தப்பு இரண்டாகிறது, நவம்பரில் மறுபடி கடிகாரம் மாறும்போது எது எந்தத் தப்பு என்று யாருக்கும் நினைவிருக்காது. அதனால் முதலில் டைம்ஸோனில் அமெரிக்கா என்ற தலைப்பின் கீழே இருக்கும் டொரண்டோவை (உங்கள் ரொறன்ரோதான்) தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அத்தோடு முடியாது. பல ப்ளகின்கள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனியாக ஒரு மண்டலத்தைச் சேர்த்து வைத்திருக்கும், பழைய நிகழ்ச்சிகளில் அந்த யுடிசி-5 அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு வகுப்பைத் திறந்து, மண்டலத்தை டொரண்டோ ஆக்கி, நேரத்தைத் திரும்ப 10 என்று போட்டு, ஐகால் கோப்பை மறுபடி இறக்கிப் பாருங்கள். சரியென்றால் மற்றவற்றுக்கும் செய்யுங்கள். போன் காலண்டர்கள் புதுப்பித்துக்கொள்ளப் பல மணி நேரம் எடுக்கலாம். அதுவரை பொறுமை இழந்து மறுபடி நேரத்தில் கைவைக்காமல் இருக்கத் தம்பியிடம் சொல்லிவையுங்கள்.

ஒன்றை மட்டும் எந்த ப்ளகினும் தீர்மானிக்காது: வகுப்பு ரொறன்ரோவுக்குச் சொந்தமா, சென்னைக்கா? ரொறன்ரோ 10 என்று வைத்தால் ஆசிரியைக்குக் கோடையில் இரவு 7.30, குளிரில் 8.30. இந்தியாவில் கடிகாரம் மாறுவதில்லை, அதனால் மாற்றம் முழுவதும் அவர் தலையில். அவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். லண்டனிலிருந்தும் பிள்ளைகள் சேர்ந்தால் இன்னும் வேடிக்கை, அங்கே மார்ச் கடைசி ஞாயிறில்தான் மாறும். 2026இல் மார்ச் 8 முதல் 29 வரை இரண்டு ஊருக்கும் வித்தியாசம் ஐந்து மணி நேரம் இல்லை, நான்குதான்.

கேள்வி: எங்கள் தளத்தில் ஏப்ரல் 14 புத்தாண்டு விழா என்று போட்டால், அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா ‘13 என்று காட்டுதுடா’ என்கிறாள். எனக்கு 14தான் தெரிகிறது. (வாசகர், கோவை)

பதில்: இரண்டு பேரும் சரியாகத்தான் படிக்கிறீர்கள். நேரம் இல்லாமல் வெறும் தேதியை 2026-04-14 என்று கொடுத்தால், பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதை யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். கோவையில் அது 14ஆம் தேதி காலை 5.30. தேதி கெடவில்லை, அதனால் உங்களுக்குச் சந்தேகமே வராது. நியூயார்க்கில் அதே கணம் 13ஆம் தேதி இரவு 8 மணி. நீங்கள் அங்கே போகாமலே சோதிக்கலாம்: குரோமின் டெவலப்பர் டூல்ஸில் ‘சென்சார்ஸ்’ பகுதிக்குப் போய் சான் பிரான்சிஸ்கோவைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தை மறுபடி திறங்கள். 13 என்று வந்துவிட்டால், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமைச் செய்தவரிடம் சொல்லித் தேதியைப் பார்ப்பவரின் மண்டலத்துக்கு மாற்றாமல் அப்படியே எழுத்தாக அச்சிடச் சொல்லுங்கள். முழுநாள் விழாவுக்கு மணியே கிடையாது, எதை மாற்றுவது?

கேள்வி: மாலை 6 மணி என்று போட்டால் வேறு ஏதோ நேரம் வருகிறது. டைம்ஸோனில் கொல்கத்தாதான் இருக்கிறது. (வாசகர், மதுரை)

பதில்: அந்த ‘வேறு ஏதோ’ எது என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். பகல் 12.30 என்றால் சேமித்தது சரி, காட்டும்போது இந்திய நேரத்துக்குத் திருப்ப மறந்திருக்கிறது. இரவு 11.30 என்றால் 6 மணியை யுடிசி என்று நினைத்துச் சேமித்து, அதன்மேல் ஐந்தரையைக் கூட்டியிருக்கிறது. வேர்ட்பிரஸ் உள்ளுக்குள், தான் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் கடிகாரத்தை யுடிசியிலேயே வைத்திருக்கும். இணையத்தில் கிடைத்த துண்டுக் குறியீட்டை தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஒட்டி அதைக் கொல்கத்தாவாக மாற்றியிருந்தால் இந்தக் குழப்பம் வரும். டூல்ஸ் மெனுவில் ‘சைட் ஹெல்த்’ பக்கம் இருக்கிறது, பிஎச்பியின் இயல்பு மண்டலம் மாறியிருந்தால் அது எச்சரிக்கும். ஒட்டிய வரியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நேரத்துக்குப் பக்கத்தில் ஐஎஸ்டி (இந்திய நேரம்) என்று போட்டால் போதாதா? (வாசகி, கொழும்பு)

பதில்: அயர்லாந்துக்காரரும் இஸ்ரேல்காரரும் அதே மூன்றெழுத்தைத்தான் போடுகிறார்கள். ‘கொழும்பு நேரம்’ என்றே எழுதுங்கள். செட்டிங்ஸிலும் கொழும்பையே தேர்ந்தெடுங்கள், இன்றைக்குக் கொல்கத்தாவும் அதுவும் ஒன்றுதானே என்று விடாதீர்கள். 1996இலிருந்து 2006 வரை இலங்கைக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு முன்னால் ஓடியது உங்களுக்கே நினைவிருக்கும்.