வாசகர் கேள்வி–பதில்: சூப்பர் கார் எங்கே தொடங்குகிறது?

கேள்வி (மதுரை, அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகர்): மாட்டுத்தாவணி சிக்னலில் சிவப்பு நிறப் போர்ஷே 911 ஒன்று நின்றதைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் நண்பர் வட்டத்தில் வாதம் ஓயவில்லை. அது சூப்பர் கார்தான் என்கிறார் ஒருவர். நான்கு கோடி ரூபாயைத் தாண்டினால்தான் சூப்பர் கார், இது வெறும் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறார் இன்னொருவர். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம்தான் எல்லைக்கோடு என்பது மூன்றாமவர் கட்சி. யார் சொல்வது சரி?

பதில்: சட்டத்தில் இதற்கு விடை கிடைக்காது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைப் பொறுத்தவரை போர்ஷேயும் லம்போர்கினியும் ஆல்ட்டோவும் ஒரே 'மோட்டார் கார்' வகைதான். எல்லைக்கோட்டைத் தயாரிப்பாளர்களும் ரசிகர்களும்தான் வரைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் தயாரிப்பாளர்களின் விளம்பரங்களை அப்படியே நம்பத் தேவையில்லை.

விலைக் கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் முழுதாக இறக்குமதியாகும் விலையுயர்ந்த கார்கள் மீது நெடுங்காலமாகவே நூறு சதவீதத்தை ஒட்டிய சுங்க வரி இருந்து வந்திருக்கிறது. ஆகவே இங்குள்ள விலைப்பட்டியல் காரின் தரத்தைச் சொல்லும் அளவுக்கு அரசின் வரிக்கொள்கையையும் சொல்கிறது. அமெரிக்காவில் எட்டாம் தலைமுறை கார்வெட் 60,000 டாலருக்குள் விற்பனைக்கு வந்தது. அதன் என்ஜின் ஃபெராரியைப் போலவே ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மறுபுறம், பல சூப்பர் கார்களைவிட விலை அதிகமான ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டத்தைச் சூப்பர் கார் என்று எவரும் அழைப்பதில்லை. வேகக் கட்சியும் இதே போலத்தான் தடுமாறுகிறது. 911 வரிசையின் தொடக்க மாதிரியான கரேரா மணிக்கு 294 கிலோமீட்டர் போகும்; 335 கிலோமீட்டர் போகும் பென்ட்லி கான்டினென்டல் ஜிடி ஸ்பீடோ தோல் இருக்கைகளும் மர வேலைப்பாடும் கொண்ட, இரண்டேகால் டன் எடையுள்ள சொகுசுப் பயணக் கார்.

நான் கையாளும் அளவுகோல் வேறு. அந்தக் காரை வடிவமைத்தவர்கள் முதலில் எதைத் தீர்மானித்தார்கள், அதற்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரைச் செய்பவர் ஓட்டுநரையும் சாலையையும் மனத்தில் வைத்துத் தொடங்குகிறார். மழை, வேகத்தடை, இரண்டு பெட்டி, அலுவலகப் பயணம் ஆகியவற்றுக்கு இடம் விட்டு, அதற்குள் எவ்வளவு துடிப்பைச் சேர்க்க முடியும் என்று பார்க்கிறார். சூப்பர் காரைச் செய்பவர் செயல்திறனின் உச்சத்தை முதலில் நிர்ணயித்துவிடுகிறார். பெட்டிக்கும் முதுகுக்கும் காதுக்கும் மிச்சமிருப்பது எதுவோ அதுதான் கிடைக்கும்.

இதற்கு முதல் சான்று என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது லம்போர்கினி மியூரா. டிராக்டர் தயாரித்து வளர்ந்த ஃபெரூச்சோ லம்போர்கினி 1963-இல் கார் தொழிற்சாலை தொடங்கினார். அங்கே பணியாற்றிய டல்லாரா, ஸ்டன்ட்சானி, வாலஸ் ஆகிய மூன்று இளைஞர்கள், 12 சிலிண்டர் என்ஜினைக் குறுக்குவாட்டில் திருப்பி ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தும் திட்டம் ஒன்றைத் தீட்டினார்கள். 1965-இல் இத்தாலியின் டூரின் கார் கண்காட்சியில் உடலே இல்லாத வெறும் சேஸிஸ் (அடிச்சட்டம்) வைக்கப்பட்டது. மறு ஆண்டு ஜெனீவாவில் காரே வந்தது: 3.9 லிட்டர், 350 குதிரைத்திறன். அதுவரை பெரும்பாலும் பந்தயக் கார்களுக்கே உரியதாக இருந்த அமைப்பு, பணமுள்ள எவரும் எண் பலகை மாட்டி ஓட்டக்கூடியதாக மாறியது. குறைகளும் கூடவே வந்தன. தொடக்க கால மியூராக்களில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய்தான். அதிவேகத்தில் மூக்கு மேலே தூக்கும். முதுகுக்குப் பின்னால் கொதிக்கும் வெப்பம் ஓட்டுநரை விடாது. வாங்கியவர்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள் என்பதே அது எவ்வகைக் கார் என்பதைச் சொல்லிவிடுகிறது. (மியூரா என்பது ஸ்பெயினில் சண்டைக் காளை வளர்த்த குடும்பத்தின் பெயர். அலங்காநல்லூர் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.)

என்ஜின் இப்படி ஓட்டுநருக்குப் பின்னால், காரின் நடுவில் இருப்பதால் என்ன ஆகிறது? சிலம்பக் கம்பின் இரு நுனியிலும் கனத்தைக் கட்டிச் சுழற்றினால் கை திணறும். அதே கனத்தைப் பிடியின் அருகே கட்டினால் கம்பு சட்டென்று திரும்பும். காரிலும் அதிக எடையுள்ள பாகம் இரண்டு அச்சுகளுக்கும் இடையே அமரும்போது திசைமாற்றம் விரைவாகிறது. வேகம் எடுக்கும்போது பின்சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்கின்றன. ஆனால் இந்த ஒரு அமைப்பை மட்டும் வைத்துப் பட்டம் கொடுத்துவிட முடியாது. 1984-இல் வந்த டொயோட்டா எம்ஆர்2 எளிய விலையில் கிடைத்த நடு என்ஜின் கார்தான். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டு டெல்லி கார் கண்காட்சியில் அறிமுகமான டிசி அவந்தியும் அப்படியே. தோற்றத்தைப் பார்த்துப் பலர் அதைச் சூப்பர் கார் என்று கொண்டாடினார்கள். உள்ளே இருந்ததோ ரெனோ நிறுவனத்தின் 2 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும்) என்ஜின், 250 குதிரைத்திறன். நல்ல முயற்சி, ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லத் தடையில்லை. அதற்கு மேல் போக முடியாது.

உண்மையான பிரிவு, 250 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலே காற்றும் வெப்பமும் கேட்கும் விலையில் தெரிகிறது. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பப் பெருகும். 200 கிலோமீட்டரில் காற்றை வெல்லச் செலவாகும் திறனைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் 300 கிலோமீட்டருக்கு வேண்டும். 400 என்றால் எட்டு மடங்கு. அவ்வளவு திறனைத் தரும் என்ஜின், எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியேற்றும். அதைத் தணிக்க ரேடியேட்டர்கள் வேண்டும். ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும். காற்றை உள்ளே விட்டால் எதிர்ப்பு கூடும். 2005-இல் வந்த புகாட்டி வேரான் இந்தச் சிக்கலின் உச்சம்: 8 லிட்டர், 16 சிலிண்டர், நான்கு டர்போ, 1,001 குதிரைத்திறன், பத்து ரேடியேட்டர்கள். 375 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டுமென்றால் காரை நிறுத்தித் தனிச் சாவி ஒன்றைப் போட வேண்டும்; கார் தரையோடு தரையாகத் தாழ்ந்த பிறகே 407 கிலோமீட்டர் வரை செல்ல அனுமதி கிடைக்கும். அந்த வேகத்தில் 100 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 12 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இதில் எந்த ஒன்றையும் ஸ்போர்ட்ஸ் கார் செய்பவர் யோசித்துப் பார்க்கவே தேவையில்லை.

எடைக் குறைப்பிலும் இதே பிடிவாதத்தைக் காணலாம். 1987-இல் வந்த ஃபெராரி எஃப்40-இல் தரை விரிப்பு கிடையாது, ரேடியோ கிடையாது. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கம்பியை இழுக்க வேண்டும். மாறாக 478 குதிரைத்திறனும் 324 கிலோமீட்டர் வேகமும் உண்டு. 1992-இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கோர்டன் மரே, சாலைக் காரில் அதுவரை இல்லாத வகையில் முழு உடற்கூட்டையும் கார்பன் ஃபைபரால் அமைத்தார். ஓட்டுநரை நட்டநடுவில் உட்கார வைத்தார். வெப்பத்தைத் திருப்பி அனுப்ப என்ஜின் அறைக்குத் தங்கத் தகடு ஒட்டினார். 1998-இல் அது 386 கிலோமீட்டரைத் தாண்டியது. பந்தய வகைகளையும் சேர்த்து மொத்தம் 106 கார்கள்தான் செய்யப்பட்டன. சாதாரண காரின் எஃகுத் தளத்தை எடுத்து மாற்றிச் செய்வதும், அந்தக் காருக்கென்றே கார்பன் ஃபைபர்க் கூட்டை வார்ப்பதும் வெவ்வேறு தொழில்கள். செலவின் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. விலை என்பது அதன் விளைவு. விலைக் கட்சி நண்பர் விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டார்.

அப்படியானால் மாட்டுத்தாவணியில் நின்ற 911? அது கரேரா என்றால், ஐயமில்லாமல் ஸ்போர்ட்ஸ் கார். உலகின் மிகச் சிறந்த ஸ்போர்ட்ஸ் காராகக்கூட இருக்கலாம். 1963-இல் பிறந்த நாளிலிருந்து பின்னால் இரண்டு சிறு இருக்கைகளை வைத்து, தினசரி ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்டு வரும் குடும்பம் அது. சங்கடம் ஜிடி3 ஆர்எஸ் என்ற அதன் உடன்பிறப்பிடம்தான். 525 குதிரைத்திறன்தான் என்றாலும், 285 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இறக்கைகள் 860 கிலோ அழுத்தத்தைத் தரையின் மேல் செலுத்துகின்றன. பல சூப்பர் கார்களால் அது இயலாது. முன்பக்கப் பெட்டி வைக்கும் இடத்தையே ரேடியேட்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். என் அளவுகோலின்படி அது எல்லையைத் தாண்டிவிட்டது. போர்ஷே ரசிகர்களில் பாதிப் பேர் இதை ஏற்க மாட்டார்கள்.

கேள்வி (மேலூர் வாசகர்): நடிகர் அஜித்குமாரின் அணி துபாயில் ஓட்டிய போர்ஷே எந்த வகை?

பதில்: இரண்டும் அல்ல. 2025 ஜனவரியில் நடந்த துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு அந்த அணி கொண்டுசென்ற 911 ஜிடி3 கப், பந்தயத்துக்கு மட்டுமே உரிய கார்; எண் பலகை வாங்கிச் சாலையில் ஓட்ட முடியாது. ஆனால் சாலையில் ஓடும் 911 உருவாகும் ஜெர்மனித் தொழிற்சாலையின் அதே வரிசையில்தான் அதுவும் உருவாகிறது. பந்தயக் காருக்குப் பந்தய விதிகள் வரம்பு. சாலை சூப்பர் காருக்கு அந்த வரம்பு இல்லை. அதனால் திறனில் சூப்பர் கார் பல நேரம் பந்தயக் காரை மிஞ்சும். சுற்று நேரத்தில் மிஞ்சுவது அரிது.

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): போடிமெட்டு மலைச்சாலையில் ஸ்போர்ட்ஸ் காரும் சூப்பர் காரும் ஏறினால் எது மகிழ்ச்சி தரும்?

பதில்: ஸ்போர்ட்ஸ் கார், அதிலும் சிறியதாக இருந்தால் நல்லது. 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில், எதிரே கேரளத்திலிருந்து வரும் லாரிக்கு வழிவிட்டு ஏறும்போது காரின் அகலம் முதல் கேள்வியாகிவிடுகிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் அகலம் 1,735 மில்லிமீட்டர், எடை ஒரு டன்னை ஒட்டியது. இது நம் நாட்டில் விற்கப்படுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். லம்போர்கினி ரெவுவெல்ட்டோ கண்ணாடிகளைச் சேர்க்காமலேயே இரண்டு மீட்டரைத் தாண்டும். அது 2023-இல் நம் நாட்டுக்கு வந்தபோது 8.89 கோடி ரூபாய், 1,015 குதிரைத்திறன். கீறல் விழுந்தால் செலவு எவ்வளவு என்று எண்ணிக்கொண்டே ஏறுபவருக்கு மகிழ்ச்சி எங்கிருந்து வரும்?

கியரின் கணக்கும் ஒன்று இருக்கிறது. மெக்லாரன் எஃப்1 முதல் கியரிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். இத்தகைய காரை மலைச்சாலையில் விதிக்கு உட்பட்ட வேகத்தில் ஓட்டினால், என்ஜினின் ஆற்றலில் சிறு பங்கைக்கூடத் தொட முடியாது. கார்பன் செராமிக் பிரேக்குகளும் பந்தய வகை டயர்களும் நன்றாகச் சூடேறிய பிறகே முழுப் பிடிப்பைத் தரும். மெதுவாக ஏறினால் அந்தச் சூடே வராது. எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரோ 50 கிலோமீட்டர் வேகத்திலேயே ஸ்டியரிங் வழியாகச் சாலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். வேகத்தடையையும் மறந்துவிட வேண்டாம். பல சூப்பர் கார்களில் மூக்கைச் சில அங்குலம் உயர்த்தும் பொத்தான் இருக்கிறது. நம் ஊர்களில் இரவோடு இரவாக முளைக்கும் தடைகளுக்கு முன் அதுவும் போதாது.

கேள்வி (திருமங்கலம், பொறியியல் மாணவர்): நான்கு கதவுள்ள டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு 1,020 குதிரைத்திறனோடு பல ஃபெராரிகளைத் தொடக்க ஓட்டத்தில் முந்துகிறது. அதுவும் சூப்பர் காரா?

பதில்: இல்லை. அது மிக வேகமான குடும்பக் கார். மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையைத் தருவதால், பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் என்ற பழைய அளவுகோல் தன் மதிப்பை இழந்துவிட்டது. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, பந்தயத் தடத்தில் சில சுற்றுகள் ஓடிய பிறகு பிரேக்கும் பேட்டரியும் எப்படி இருக்கின்றன என்று கேட்டால்தான் வேறுபாடு தெரியும். அதற்காக மின்சாரக் கார் சூப்பர் காராகவே முடியாது என்று முடிவு கட்ட வேண்டாம். குரோவேஷியாவின் ரிமாக் நெவெரா தனிக் கார்பன் கூடு, சக்கரத்துக்கு ஒரு மோட்டார், 1,914 குதிரைத்திறன் ஆகியவற்றோடு வடிவமைக்கப்பட்டு, 2022-இல் 412 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. இரண்டு கார்களையும் பக்கத்தில் நிறுத்தி, எதற்கு எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். டெஸ்லாவில் ஐந்து பேரும் அவர்களுடைய பெட்டிகளும் ஏறலாம்.

கேள்வி (வாடிப்பட்டி வாசகர்): லம்போர்கினி உருஸ்? ஹைப்பர் கார் என்பது வேறா?

பதில்: உருஸ் லம்போர்கினி செய்த எஸ்யூவி, 300 கிலோமீட்டருக்கு மேல் போனாலும் என்ஜின் முன்னால், குடும்பம் பின்னால். ஹைப்பர் கார் என்பது சூப்பர் கார்களில் உச்சியில் நிற்கும் சிலவற்றுக்குத் தரப்படும் பட்டம். 2013-இல் லாஃபெராரி, மெக்லாரன் பி1, போர்ஷே 918 ஆகிய மூன்று ஹைப்ரிட் (பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த) கார்களும் அடுத்தடுத்து வந்தபோது அது பரவலாகப் புழங்கத் தொடங்கியது. 2021 முதல் பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் முதன்மைப் பிரிவுக்கும் ஹைப்பர் கார் என்றே பெயர். அதன் கார்களுக்கும் விற்பனைக் கூடத்தில் நிற்பவற்றுக்கும் தொடர்பு மிகக் குறைவு.