உலக வரைபடத்தில் புதுச்சேரி கடலுக்குள் விழுகிறது. நடுக்கோட்டையும் 80° கிழக்குக்கு மாற்ற வேண்டும். எப்படி?

இணையத்தில் எடுத்த வெற்று உலகப் படம், புள்ளி வைக்க ஒரு சூத்திரம், பள்ளிக் கண்காட்சிக்கு இரண்டு நாள்தான் பாக்கி. உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். புள்ளியைக் கையால் நகர்த்திக் கரையில் ஒட்டிவிடாதீர்கள். முதலில் லிமாவைப் பாருங்கள்.

பெருவின் லிமா 77° மேற்கு, புதுச்சேரி 79.83° கிழக்கு. கிரீன்விச் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரம், இரண்டுமே கடலோர ஊர். நம்ம ஊர் வங்கக்கடலில், லிமா பசிபிக்கில் என்றால் வெள்ளை ஓரத்தையும் சேர்த்து அளந்திருக்கிறீர்கள். நம்ம ஊர் கடலில், லிமா ஆண்டிஸ் மலையில் என்றால் படமே இடப்பக்கம் தள்ளியிருக்கிறது.

பெரும்பாலும் ஓரம்தான். 3600×1800 பிக்சல் படத்தில் ஒரு பாகைக்குப் பத்து பிக்சல். தீர்க்கத்தோடு 180 கூட்டிப் பத்தால் பெருக்கினால் இடமிருந்து 2598; 90-இலிருந்து அட்சம் 11.93-ஐக் கழித்துப் பெருக்கினால் மேலிருந்து 781. புதுச்சேரி அங்கே. இதே படத்தைச் சுற்றி 20 பிக்சல் ஓரம் இருந்து, 3640-ஐ 360-ஆல் வகுத்தீர்களானால் புள்ளி 9 பிக்சல் கிழக்கே போகும். ஒரு பிக்சல் சுமார் 11 கிலோமீட்டர், ஆக கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் கடலுக்குள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இரண்டே பிக்சல்தான் என்பதையும் மனதில் வையுங்கள். ஓரத்தை வெட்டுங்கள், அகலம் உயரத்தைப்போல் சரியாக இருமடங்கா என்று பாருங்கள், பிறகு சூத்திரம்.

நம்ம ஊர் கரையில் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது. 3600 அகல மெர்கேட்டர் படத்தில் (துருவத்தை நோக்கிப் போகப் போக நீட்டி வரையும் முறை) புதுச்சேரி நிலநடுக்கோட்டுக்கு மேலே 120 பிக்சல். சாதாரணப் படத்தில் 119. வித்தியாசமே தெரியாது. லண்டனோ 603-க்கும் 515-க்கும் நடுவே 88 பிக்சல் பிசகும். அதனால் லண்டனையும் தென் அமெரிக்காவின் கேப் ஹார்னையும் கட்டாயம் சோதியுங்கள். படம் சதுரமாக இருந்தால் அது பெரும்பாலும் மெர்கேட்டர்தான், மேலே சொன்ன கணக்கு செல்லாது.

இனி நடுக்கோடு. கிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருளில் லேயர் மெனு, டிரான்ஸ்ஃபார்ம், ஆஃப்செட். கிடைமட்டத்தில் −800, ‘ராப் அரவுண்ட்’ தேர்வு (இடப்பக்கம் வெளியே போவது வலப்பக்கம் வந்து சேரும்). புதுச்சேரி 1798-க்கு வரும், நடு 1800. படத்தின் அகலம் 3601 என்றிருந்தால் 180° கோடு இரண்டு முறை வந்திருக்கிறது. ஒரு வரிசையை வெட்டாமல் நகர்த்தினால் பசிபிக்கில் மெல்லிய தையல் தெரியும். ஊர்ப்பெயர்களை நகர்த்திய பிறகே எழுதுங்கள். ராபின்சன் போன்ற வளைந்த படங்களுக்கு இது உதவாது. அவற்றை க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் 80° நடுவாக வைத்து மறுபடி வரைய வேண்டும், அதற்கு முன் 100° மேற்கில் ஒரு மெல்லிய பட்டையை வெட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கனடா படத்தின் குறுக்கே கோடு கோடாக இழுபடும்.

‘இந்தியாவை நடுவில் வைப்பது தேசபக்திக் கோளாறு’ என்று பின்னூட்டத்தில் வருவார்கள். கிரீன்விச்சை நடுவில் வைத்ததும் ஒரு முடிவுதானே? ஆனால் ஒன்று உண்மை: 80° நடுவானால் மெக்ஸிகோவும் கனடாவும் இரண்டாகப் பிளக்கும். 150° கிழக்கை நடுவாக்கினால் அண்டார்டிகாவை விட்டால் கிரீன்லாந்து மட்டுமே வெட்டுப்படும். என் ஓட்டு அதற்குத்தான்.

பழைய பிரெஞ்சு வரைபடத்திலிருந்து எண்களை எடுத்திருந்தால் விஷயமே வேறு. அவற்றில் தீர்க்கத்தை எண்ணத் தொடங்கும் பாரிஸ் கோடு கிரீன்விச்சுக்கு 2°20′ கிழக்கே இருக்கிறது. அதைக் கூட்டாமல் போட்டால் புதுச்சேரி மேட்டூரையும் தாண்டி மேற்கே போய் நிற்கும்.

கடைசியில் எல்லாம் சரியாக்கி ஃப்ளெக்ஸ் கடைக்குக் கொடுத்தால், 10 அடிக்கு 4 அடி பேனர் நிரம்பவேண்டும் என்று அவர்கள் பாட்டுக்கு இழுத்துவிடுவார்கள். ஆப்பிரிக்கா கால் பங்கு குண்டாகும். கேட்டால் ‘அழகா ஃபில் ஆயிருக்கு சார்’. 8 அடிக்கு 4 அடி, இருபக்கமும் ஓரடி வெள்ளை என்று தாளில் எழுதிக் கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன் திரையில் லிமாவை இன்னொரு முறை பாருங்கள்.