எட்டுக் கோழி இருந்தும் ஒரு முட்டைகூட இல்லையா?

காட்பாடியில் எட்டு நாட்டுக்கோழி, தினம் நாலைந்து முட்டை, மே பிறந்ததும் அடியோடு நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வைக்கோல் போர், விறகு அடுக்கு, வேலியோரப் புதர் எல்லாம் தேடிப் பாருங்கள். கோழி இடம் மாற்றி ஒளித்து இட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு முறை இதுதான் நடந்தது.

அங்கேயும் இல்லையென்றால் நான் வெயிலைத்தான் சந்தேகிப்பேன். வேலூரில் மே மாதம் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அந்த நேரத்தில் தீனி எடுக்காது, முட்டையும் குறையும். இரைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறுவதால் முட்டை ஓடும் மெலிந்துபோகும். நிழலில் மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், மதியம் ஒருமுறை மாற்றுங்கள். தீனியை விடிகாலையிலும் பொழுது சாய்ந்தும் போடுங்கள். கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும்.

ஒன்றிரண்டு அடைக்கு உட்காருவது இயல்புதான். ஆனால் எட்டும் சேர்ந்து உட்காராது.

அப்புறம், பச்சையாகக் கழிந்து கழுத்து திருகிக்கொண்டால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். ராணிக்கெட் நோய் என்பதும் இதுதான். நம் ராணிப்பேட்டைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, ராணிக்கெட் உத்தராகண்டில் இருக்கிற ஊர்.