மணிவிழா விருந்தில் மோர் கேட்ட கதை: தில்லி உணவகப் பில்லில் எதைத் திரும்பக் கேட்கலாம்?

கேள்வி: தந்தையின் மணிவிழாவுக்காகக் கும்பகோணத்திலிருந்து தில்லியில் வசிக்கும் அக்கா வீட்டுக்குச் சென்றிருந்தோம். காலையில் ஆர்.கே.புரம் மலை மந்திரில் அர்ச்சனை. இரவு கன்னாட் பிளேஸில் ஓர் உணவகத்தில் ஏழு பேருக்கு விருந்து. முன்பணமாக 2,000 ரூபாயை யு.பி.ஐ. மூலம் அனுப்பியிருந்தோம். இடத்தைக் கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. சாப்பாட்டின் முடிவில் அப்பா ‘மோர்’ என்றார். பணியாளர் தலையாட்டிவிட்டுப் போய் மறுபடியும் தால் மக்கனி கொண்டுவந்தார். அப்பா குரலை உயர்த்தி மீண்டும் ‘மோர்’ என்றார். இன்னொரு கிண்ணம் வந்தது. பிறகு வந்த கேக்கில் ‘ஷஷ்டி, பூர்த்தி இருவருக்கும் பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று எழுதியிருந்தது. உணவுக்கு 9,000, சர்வீஸ் சார்ஜ் 900, ஜி.எஸ்.டி. 495, ஆக 10,395 ரூபாய் பில். சிரிப்பும் குழப்பமுமாக இருந்த நேரத்தில் முழுத் தொகையையும் கட்டிவிட்டோம். முன்பணம் கழிக்கப்படவில்லை என்பதை வீட்டுக்கு வந்துதான் கவனித்தோம். அடுத்த மாதம் மாமனாரின் மணிவிழாவும் தில்லியில்தான். எதைத் திரும்பக் கேட்கலாம், மறுமுறை எப்படித் தவிர்க்கலாம்?

பதில்: தில்லி உணவகங்களில் விருந்து ஏற்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘மோர்’ என்ற சொல் ஆங்கிலத்தில் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்கும் என்பதை நம் ஊர்ப் பெரியவர்களும் அறிய மாட்டார்கள், தமிழில் அது ஒரு பானத்தின் பெயர் என்பதை இங்குள்ள பணியாளர்களும் அறிய மாட்டார்கள். இதில் இரு தரப்பிலும் குற்றமில்லை. ஆனால் பணத்தைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது.

பெரிய தொகை முன்பணம் என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள். யு.பி.ஐ. பரிவர்த்தனையின் படத்தையும் பில்லின் படத்தையும் ஒரே மின்னஞ்சலில் உணவகத்துக்கு அனுப்பி, 2,000 ரூபாயைத் திருப்பித் தருமாறு கேளுங்கள். பெரும்பாலும் மேசையைப் பதிவு செய்தவர் ஒருவராகவும் பில் போட்டவர் வேறொருவராகவும் இருப்பதால் நேரும் தவறு இது. ஏமாற்றும் எண்ணம் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு செய்ய வேண்டாம்.

சர்வீஸ் சார்ஜ் விஷயம் வேறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் போடக் கூடாது. கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளரின் விருப்பம். உணவக உரிமையாளர் சங்கங்கள் தொடுத்த வழக்கில் 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் இந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. அத்தீர்ப்பை எதிர்த்து அவர்கள் மேல்முறையீடு செய்தனர். உங்கள் பில்லில் 9,900 ரூபாய்க்கு 5 சதவீத வரி கணக்கிடப்பட்டிருப்பதால், 900 ரூபாயோடு அதற்குரிய வரி 45 ரூபாயையும் சேர்த்து 945 ரூபாய் கேட்க வேண்டும். பலர் இந்த 45 ரூபாயை மறந்துவிடுகிறார்கள்.

உணவகம் பதில் சொல்லவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், தில்லிக்கு அலைய வேண்டியதில்லை, இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் கிடையாது, சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசமும் உண்டு. 945 ரூபாய்க்காக மட்டும் நான் அங்கே போகமாட்டேன். முன்பணமும் சேர்ந்தால் போவேன். எப்படியும் மாமனாரின் விருந்தில் பணம் கட்டுவதற்கு முன்பே ‘சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்’ என்று கேட்டுவிடுவதுதான் எளிது. பரிமாறியவருக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கும் உணவகத்தைத் தேர்ந்தெடுத்தால், அங்கே ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மோருக்கு வருவோம். மேசைக்கு வந்த கிண்ணத்தில் கரண்டி படாதிருந்தால், ‘இது நாங்கள் கேட்டதில்லை’ என்று அப்போதே சொல்லித் திருப்பி அனுப்பலாம். மேலாளரும் அதைப் பில்லிலிருந்து நீக்கிவிடுவார். சாப்பிட்டுவிட்டால் பிறகு வாதிட இடமில்லை. முழு உளுந்தையும் ராஜ்மாவையும் வெண்ணெய், கிரீம் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்துச் செய்யும் தால் மக்கனியை அறுபது வயதுக்காரர் இரவில் மூன்று முறை சாப்பிட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். இந்தியில் மோரை ‘சாச்’ என்பார்கள். கடைசியில் தயிர் சாதம் சாப்பிடாமல் எழுந்திருக்க மனம் வராதவர்களுக்குச் ‘சாதா சாவல், சாதா தஹி’ என்று தனித்தனியாக வரவழைத்து மேசையிலேயே பிசைந்துகொள்வதே வழி. ராயித்தா கேட்டால் பூந்தியும் மசாலாவும் போட்டுக் கொண்டுவருவார்கள்.

வழி தவறியதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. கன்னாட் பிளேஸ் நம் பெரிய கோயில்களின் பிரகாரங்களைப் போல உள்வட்டம், நடுவட்டம், வெளிவட்டம் என்று மூன்று சுற்றுகளாக அமைந்தது. எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி வெள்ளைத் தூண்கள். கடையின் பெயரோடு பிளாக் எழுத்தையும் எந்த வட்டம் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் ஆட்டோவில் ஏறவே கூடாது. பெரியவர்களுடன் போகும்போது சமையலறை திறந்தவுடன், ஏழு, ஏழரை மணிக்கே மேசை கேளுங்கள்; தில்லிக் குடும்பங்கள் ஒன்பது மணிக்கு மேல்தான் வரத் தொடங்கும் என்பதால் அதுவரை பணியாளர்கள் நிதானமாகக் கவனிப்பார்கள்.

கேக்குக்கு இழப்பீடு கேட்க வழியில்லை, ஏனெனில் ‘சஷ்டியப்த பூர்த்தி’ என்பதைத் தொலைபேசியில் சொல்லியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். வடக்கே பூர்த்தி என்பது பெண்களுக்கு வைக்கும் பெயரும்கூட. கேட்டவர் இரட்டைக் குழந்தைகள் என்று நினைத்ததில் வியப்பில்லை. மாமனாரின் கேக்குக்கு எழுத வேண்டிய வாசகத்தை எழுத்தெழுத்தாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அவர் முட்டை சேர்க்காதவர் என்றால் ‘எக்லெஸ்’ என்ற சொல்லையும் அதே செய்தியில் சேருங்கள், அன்று மாலை ஐந்து மணிக்குள் கேக்கின் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். தவறிருந்தால் கிரீமை வழித்துவிட்டு மறுபடி எழுத அவர்களுக்கு இரண்டு மணி நேரமாவது இருக்கும்.