ப்ளூகிராஸ் விழா மேடையில் ராக்கும் ராப்பும் ஏறலாமா?

கேள்வி: "ப்ளூகிராஸ் விழா என்று பெயர் வைத்துவிட்டு ராக், ராப் பாடகர்களை எல்லாம் அழைக்கிறார்களே, பழைய ரசிகர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறதா?"

நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் எனக்கு உடன்பாடானதல்ல.

ப்ளூகிராஸ் அமெரிக்க நாட்டுப்புறத்தில் வளர்ந்த தந்திக்கருவி இசை. "கலப்பில்லாத இசை இது, கெடுக்காதீர்கள்" என்பார்கள். வரலாறு அதற்கு இடம் தருவதில்லை. இந்த இசைக்கு உருவம் கொடுத்த பில் மன்ரோ 1911இல் கென்டக்கியில் பிறந்தவர். தாய்மாமன் பென் வான்டிவரிடமிருந்து ஃபிடில் (வயலின்) மெட்டுகளை எடுத்துக்கொண்டார். அதே ஊர்ப்பக்கத்தில் வாசித்துவந்த ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடமிருந்து கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாணியை எடுத்துக்கொண்டார். தேவாலயப் பாட்டும் அதில் உண்டு. இந்த இசையின் முக்கியத் தந்திக்கருவியான பாஞ்சோவின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா. 1940களில் மன்ரோவின் குழுவிலேயே சாலி ஆன் ஃபாரஸ்டர் என்ற பெண் அக்கார்டியன் வாசித்தார். 2017இல் பாஞ்சோ வாசிக்கும் கறுப்பினப் பாடகி ரியானன் கிடன்ஸ் சர்வதேச ப்ளூகிராஸ் இசைச் சங்கத்தின் மாநாட்டில் ஆற்றிய முக்கிய உரையில், இந்த இசையில் கறுப்பின மக்களின் பங்கு எப்படி மறைக்கப்பட்டது என்று விரிவாகப் பேசினார். அதைக் கேட்டவர்கள் 'தூய்மை' பற்றிப் பேசும்போது கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்கள்.

இதோடு விவாதம் முடிந்தது என்று கலப்பை ஆதரிப்பவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அங்கேதான் நான் பழைய ரசிகர்கள் பக்கம் சாய்கிறேன்.

1945 டிசம்பரில் எர்ல் ஸ்க்ரக்ஸ் மன்ரோவின் குழுவில் சேர்ந்து மூன்று விரலால் பாஞ்சோ வாசிக்கத் தொடங்கியதும், கலந்தவை எல்லாம் சேர்ந்து ஓர் ஒழுங்குக்கு வந்தன. மாண்டலின், பாஞ்சோ, ஃபிடில், கிட்டார், ஆளுயர பாஸ். டிரம்ஸ் கிடையாது. அதன் வேலையை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பாஸ் முதல் தட்டைப் போடும். அதற்கு அடுத்த தட்டில் மாண்டலின் வாசிப்பவர் தந்திகளை அடித்த கணமே விரலைத் தளர்த்தி ஒலியை அடக்குவார். 'சக்' என்று ஒரு வெட்டு விழும். பாஸும் மாண்டலினும் மாறி மாறிப் போடும் இந்த அடிதான் தாளம். அதன் மேலே பாஞ்சோ ஓயாமல் பொழியும். ஒருவர் தனியாக வாசிக்க முன்னே வரும்போது மற்ற நால்வரும் ஒலியைக் குறைத்து அவருக்கு இடம் விடுவார்கள்.

இப்போது இந்தக் குழுவில் ஒரு டிரம்ஸைச் சேர்த்துப் பாருங்கள். மாண்டலினுக்கு வேலை போய்விடும். எலெக்ட்ரிக் கிட்டாரை முழு ஒலியில் வைத்தால் பாஞ்சோவின் ஒவ்வொரு நரம்பொலியும் தனித்துக் கேட்காது. ஒருவருக்கொருவர் இடம் விடுவதற்கும் அவசியம் இல்லாமல் போகும். பழைய ரசிகரின் காது இந்த இழப்பைத்தான் உணர்கிறது. அதைச் சொல்லத் தெரியாமல் 'தூய்மை' என்கிறார். மெட்டையும் கருப்பொருளையும் எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம். ஐந்து கருவிகளும் தாளத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஏற்பாடு குலைந்தால் கிடைப்பது வேறு இசை. அது நல்ல இசையாகவே இருக்கலாம், ஆனால் வேறு இசை.

இந்தச் சண்டை இன்றைக்குத் தொடங்கியதும் அல்ல. பல நாள் நடக்கும் முதல் ப்ளூகிராஸ் விழாவை கார்ல்டன் ஹேனி 1965இல் வர்ஜீனியாவின் ஃபின்காசில் ஊரில் ஒரு குதிரைப் பண்ணையில் நடத்தினார். மன்ரோ 1967 முதல் இந்தியானாவின் பீன் பிளாசமில் சொந்தமாக விழா நடத்தினார். சில ஆண்டுகளிலேயே மாண்டலின் கலைஞர் சாம் புஷ்ஷும் நண்பர்களும் 'நியூ கிராஸ் ரிவைவல்' என்ற குழுவோடு வந்தார்கள். நீண்ட முடி, எலெக்ட்ரிக் பாஸ், ராக் பாட்டுகள், நீண்ட நேரத் தனி ஆவர்த்தனங்கள். மரபான விழாக்களில் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். கொலராடோ மலைநகரமான டெல்யூரைடின் விழா அவர்களைக் கொண்டாடியது. அந்த விழாவின் ராஜா என்றே இன்று சாம் புஷ்ஷை அழைக்கிறார்கள்.

இன்று இதே விவாதம் பில்லி ஸ்டிரிங்ஸ் என்ற இளம் கிட்டார் கலைஞரைச் சுற்றி நடக்கிறது. பெரிய உள்ளரங்குகளை நிரப்புகிறார், கிட்டாரின் ஒலியை மின்கருவிகளால் உருமாற்றுகிறார், ஒரே பாட்டை நீட்டி நீட்டி வாசிக்கிறார். ஆனால் அவர் குழுவில் டிரம்ஸ் இல்லை. மாண்டலின் இன்னும் அந்த வெட்டைப் போடுகிறது. அதனால் என்னைப் பொறுத்தவரை அவர் முழுக்க முழுக்க ப்ளூகிராஸ்காரர். தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு பழைய பாட்டையே டிரம்ஸோடு வாசிக்கும் சில குழுக்களைவிட அவரே மன்ரோவுக்கு நெருக்கமானவர் என்று அடித்துச் சொல்வேன்.

சரி, விழாக்கள். நான் சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருப்பவன், அதனால் கோல்டன் கேட் பூங்காவில் நடக்கும் விழாவைத்தான் நெருக்கமாகத் தெரியும். வாரன் ஹெல்மன் என்ற முதலீட்டாளர் 2001இல் சொந்தப் பணத்தில் தொடங்கியது. அவரே பாஞ்சோ வாசிப்பவர். முதலில் 'ஸ்டிரிக்ட்லி ப்ளூகிராஸ்' (கண்டிப்பாக ப்ளூகிராஸ் மட்டும்) என்று பெயர். மற்ற இசைக்காரர்களும் வரத் தொடங்கியபின், 2004இல் 'ஹார்ட்லி' (அப்படியொன்றும் இல்லை) என்பதை முன்னால் சேர்த்து, ப்ளூகிராஸ் மட்டுமல்ல என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டார்கள். 2008இல் ராக் பாடகர் ராபர்ட் பிளான்ட், ப்ளூகிராஸ் பாடகி அலிசன் க்ராஸோடு பாடினார். அதே ஆண்டு ராப் பாடகர் எம்.சி. ஹாமரும் மேடை ஏறினார். ஹெல்மன் 2011இல் மறைந்த பிறகும் அனுமதி இலவசம்தான். இப்படிப்பட்ட இடத்தில் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று குறைசொல்ல யாருக்கும் வழியில்லை.

அங்கே ஒருமுறை என் பக்கத்துப் பாயில் இருந்த பெரியவர் மகளோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். ராக் குழு வந்ததே தவறு என்பது அவர் பேச்சாக இருந்தது. மகள் பொறுமையாக, "அப்பா, அவங்க வந்ததாலதான் நான் வந்தேன். வந்ததாலதான் காலையில அந்த பாஞ்சோக்காரரைக் கேட்டேன்" என்றாள். அந்தப் பெண் சொன்னது சரி. ஆனால் அவள் வாயிலிருந்தே இன்னொன்றும் வந்தது: பாஞ்சோக்காரர் காலையில் வாசித்தார்.

என் கோபமெல்லாம் இந்த நேர ஒதுக்கீட்டின் மேல்தான். டிக்கெட்டுக்குப் பெரும்பணம் வாங்கி, ப்ளூகிராஸ் என்ற பெயரில் விற்றுவிட்டு, மாலை வேளையையும் பெரிய மேடையையும் வெளியாட்களுக்குக் கொடுத்து, அந்த இசைக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர்களைக் கூட்டமில்லாத பகல் நேரத்தில் ஓரமாக ஏற்றினால், அது அவமதிப்பு. விருந்தாளி வரட்டும், வீட்டுக்காரர் திண்ணைக்குப் போகக் கூடாது.

வட கரோலினாவின் மெர்ல்ஃபெஸ்ட் இந்த வகையில் எனக்குப் பிடித்த முன்மாதிரி. கிட்டார் கலைஞர் டாக் வாட்சனின் மகன் மெர்ல் விபத்தில் இறந்தார்; அவர் நினைவாக 1988இல் தொடங்கிய அந்த விழாவில் என்ன இசை இருக்கலாம் என்று டாக் எளிமையாகச் சொன்னார்: மரபு இசை, கூடவே தானும் மெர்லும் வாசிக்க ஆசைப்பட்ட மற்றதெல்லாம். மரபு முதலில், மற்றது கூடவே. இந்த வரிசை மாறாதவரை எந்தப் பாடகர் வந்தாலும் நான் கைதட்டுவேன்.

நீங்கள் முதன்முறையாக இப்படி ஒரு விழாவுக்குப் போவதாக இருந்தால், நிகழ்ச்சி நிரலில் தெரிந்த பெயர்களைத் தேடுவதற்கு முன் டிரம்ஸ் இல்லாத ஒரு ஐவர் குழுவைக் கண்டுபிடித்து, மேடைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் மாண்டலின்காரரின் வலது கையையே பாருங்கள். அப்புறம் மாலையில் ராக் குழுவுக்குப் போங்கள்.