வேலை ஓயாத வீட்டில் சுத்தம் செய்யவும் ஓய்வெடுக்கவும் எப்படி நேரம் ஒதுக்குகிறீர்கள்?

எங்கள் வீட்டில் காலை ஏழு மணிக்கு மேல் மிக்சி ஓடக்கூடாது. ஈர்க்கு வாரியல் தரையில் படக்கூடாது. குக்கர் தப்பித் தவறி ஒரு விசில் அடித்தாலும் அத்தை என்னைத் திரும்பிப் பார்ப்பார். என் கணவர் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு வந்து படுத்திருப்பார்.

ஊர் செங்கோட்டை. அவர் ஓட்டுவது சிறிய லாரி. மாலையில் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, புளியரை தாண்டி மலையேறி, கேரளத்துக்குள் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொட்டாரக்கரையில் இறக்கிவிட்டு விடியும் நேரத்தில் திரும்புவார். காலை ஏழிலிருந்து பகல் ஒன்று வரை அவருக்கு இரவு. எனக்கு அதே வீட்டின் தார்சாவில், அதாவது முன்னறையில், தையல் மெஷின். பிள்ளைகள் இரண்டு பேர், எட்டாம் வகுப்பும் நான்காம் வகுப்பும். அத்தைக்கு 72 வயது, முட்டி வலி. ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும். இதற்கு நடுவில்தான் வீடும் சுத்தமாக இருக்க வேண்டும், நானும் படுத்து எழ வேண்டும்.

திங்கள் சமையலறை, செவ்வாய் குளியலறை, புதன் அலமாரி என்ற மாதிரி ஓர் அட்டவணையைக் கேள்வி கேட்டவர் எதிர்பார்க்கிறாரோ என்னவோ. காலண்டரின் பின்பக்கத்தில் நானும் ஒன்று எழுதி ஒட்டினேன். மூன்று வாரம் தாங்கவில்லை. குளியலறைக்கு எழுதிய செவ்வாயன்று குழாயில் தண்ணீர் இருக்காது. அலமாரிக்கு எழுதிய புதனன்று யாராவது நாளைக்குக் கல்யாணம் என்று ரவிக்கைத் துணியோடு வந்து நிற்பார்கள். கிழமையைப் பார்த்து வேலையைப் பிரிப்பது, எல்லா வாரமும் ஒரே மாதிரி ஓடும் வீட்டுக்குச் சரி. எங்கள் வீட்டில் அது நடக்காது.

நான் வேலையைச் சத்தத்தை வைத்துப் பிரித்தேன். யோசித்துச் செய்தது இல்லை. அவர் தூக்கம் கெடக்கூடாது என்று பயந்து பயந்து செய்ததில் தானாக அமைந்தது. காலை ஏழுக்கு மேல் சத்தமில்லாத வேலைகள் மட்டும்: துணி மடிப்பது, காய் நறுக்குவது, தூசி துடைப்பது, ரவிக்கைக்குக் கொக்கி வைப்பது, கையால் ஓரம் தைப்பது. சத்தமுள்ளது எல்லாம், அதாவது மாவு அரைப்பது, பாத்திரம் துலக்குவது, கட்டிலை இழுத்துப் பெருக்குவது, மெஷின் மிதிப்பது, விடியற்காலையிலோ பகல் ஒன்றுக்குப் பிறகோதான். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து விளக்கு வைக்கும் வரை வீட்டில் சத்த நேரம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். காலை முழுக்கப் பூனை மாதிரி நடந்தவர்கள் அப்போது நாற்காலியை இழுக்கலாம், வாளியை உருட்டலாம், பாட்டுப் போடலாம். பெரியவன் கூடத்தைப் பெருக்குவான், சின்னவள் செருப்புகளை அடுக்கிவிட்டு வாசல்படியைத் தட்டிவிடுவாள். மூலை முடுக்கில் குப்பை நிற்கத்தான் செய்யும். நான் போய் இரண்டாம் முறை பெருக்குவதில்லை. பெருக்கினால் அடுத்த நாள் அவன் வாரியலைத் தொடமாட்டான்.

அவசரத்துக்குச் சத்தமில்லாமல் பெருக்கவும் ஒரு வழி உண்டு. பிரானூர்ப் பக்கம் மரம் அறுக்கும் மில்கள் இருப்பதால் மரத்தூளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. இரண்டு கை மரத்தூளை லேசாக ஈரமாக்கித் தரையில் தூவி, புல் துடைப்பத்தால் தள்ளினால் தூசி எழும்பாது, நூல் துண்டெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தையல்காரி வீட்டில் நூல்தான் பாதிக் குப்பை. சிமெண்டுத் தரைக்கும் மொசைக்குக்கும் இது நன்றாக வரும். வெள்ளை டைல்ஸ் என்றால் கறை படிகிறதா என்று ஒரு மூலையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் பிறந்தால் கணக்கு மாறிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் தூறலும் இறங்கும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சாரல் சுகம், எங்களுக்கு அது பூஞ்சை. பள்ளிக்கூடப் பை, தோல் பெல்ட், புளிப் பானை, பீரோவின் பின்பக்கச் சுவர் என்று ஒன்றையும் விடாது. வந்த பிறகு தேய்ப்பதைவிட வராமல் பார்ப்பதில் வேலை குறைவு. பீரோவைச் சுவரைவிட்டு நான்கு விரற்கடை தள்ளிப் போட்டால் பின்னால் காற்று ஓடும். காய்ந்ததுபோல் தோன்றும் துணியை மடித்து அடுக்கக் கூடாது, அதற்குள் இருக்கும் ஈரம் போதும் பூஞ்சைக்கு. படுக்கிற அறையில் கொடி கட்டுவதை நிறுத்தினேன். துணி உலர்ந்து போகிற ஈரம் அந்த அறையின் சுவரில்தானே போய் உட்காரும்? அத்தைக்கு இன்றுவரை பிடிக்காத மாற்றமும் ஒன்று உண்டு. சாரல் மாதங்களில் தினமும் தரை துடைப்பதில்லை. வாரத்துக்கு மூன்று நாள், நன்றாகப் பிழிந்த துணியால் மட்டும். நனைத்த தரை சாயங்காலம் வரை உலராமல் கிடந்தால் அதற்குப் பெயர் சுத்தமா?

அத்தை சுத்தத்தை 'விருத்தி' என்பார். அவர் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஊர் இந்தப் பக்கம் வந்தாலும் சில சொற்கள் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. தமிழில் விருத்தி என்றால் பெருகுவது, மலையாளத்தில் சுத்தம். நம் 'பெருக்கு' என்ற சொல்லுக்கும் இரண்டு பொருள் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் பெருகியது வேலை மட்டும்தான் என்று எனக்குத் தோன்றும்.

இனி ஓய்வுக்கு வருகிறேன். அதற்கு ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும்.

நான்கு வருடம் முன்னால், பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவு பதினொரு மணிக்குக் கழிப்பறையைக் கழுவினேன். பகலில் நேரமில்லை, அவ்வளவுதான். ஆசிட் ஊற்றித் தேய்த்தேன், கறை போகவில்லை. தூக்கக் கலக்கத்தில் அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். எனக்கு இது தெரியாததல்ல, பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படித்தவள். பச்சையும் மஞ்சளுமாக ஏதோ எழும்பியது. தொண்டை எரிந்தது, கண் திறக்கவில்லை. புறவாசலுக்கு ஓடி உட்கார்ந்து அரைமணி நேரம் இருமினேன். அத்தை முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார். நல்லவேளை, ஜன்னல் திறந்திருந்தது. தயவுசெய்து இந்த இரண்டையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒன்றைப் பயன்படுத்தினால் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, மற்றதை இன்னொரு நாளைக்கு வையுங்கள்.

அதற்கு அடுத்த வாரம் நடந்தது சின்ன விஷயம். ஆனால் இன்றும் மனதில் நிற்கிறது. பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் காலை பத்து மணிக்கு ரவிக்கை வாங்க வந்தார். கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, "தம்பி தூங்குகிறாரா?" என்று கிசுகிசுத்தார். நான் தலையசைக்க, சைகையிலேயே அளவு சொல்லி, பணம் கொடுத்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் போனார். அதே அக்கா மறுநாள் பகல் இரண்டரைக்கு வந்தார். நான் அப்போதுதான் பாயில் சாய்ந்திருந்தேன். கதவைத் தடதடவென்று ஆட்டி, தெருமுனை வரை கேட்கும்படி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கை இரண்டு நூல் தளர்த்த வேண்டுமாம்.

அவர் மேல் கோபம் வரவில்லை. என் கணவர் தூங்கும் நேரம் தெருவுக்கே தெரியும். நான் தூங்கும் நேரம் எது என்று யாரிடமும் நான் சொன்னதே இல்லை. இருந்தால்தானே சொல்ல!

அவருக்கு வீட்டில் என்னென்ன ஏற்பாடு இருந்ததோ, அதை அப்படியே எனக்கும் எடுத்துக்கொண்டேன். பகல் இரண்டேகாலிலிருந்து மூன்று வரை அதே அறை, அதே கறுப்புத் திரை, அதே சாத்திய கதவு. என் போன் அவர் கையில். கம்பிக் கதவில் சின்னவளின் பழைய சிலேட்டில் 'தையல் 3 மணிக்கு மேல்' என்று எழுதித் தொங்கவிட்டேன். அத்தைக்கு முதலில் ஒப்பவில்லை. பெண்பிள்ளை பகலில் கதவைச் சாத்திப் படுப்பதா என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் யாரோ கதவைத் தட்ட, "சிலேட்டைப் படிக்கத் தெரியாதா?" என்று அவர் அதட்டுவது உள்ளே எனக்குக் கேட்டது. ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். தீபாவளிக்குத் திரும்பி வந்தார்.

அந்த முக்கால் மணி நேரத்தில் நான் தூங்குவது இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவோம், எழுந்தால் தலை கனக்கும். சில நாள் தூக்கமே வராது, மோட்டுவளையைப் பார்த்தபடி கிடப்பேன். அதுவும் கணக்கில் சேரும். பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்துக்கு ஈடாகாது, பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். அதனால் இரவு ஒன்பதுக்கு மேல் அடுப்பைத் துடைப்பது தவிர எந்தச் சுத்தமும் இல்லை. விளக்கு வைத்தபின் பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்று அத்தை ஆதிகாலத்திலிருந்து சொல்லி வந்தது இப்போது எனக்கு எவ்வளவு வசதி!

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பற்றிப் பத்திரிகையில் படித்தேன். தங்கள் வீட்டு வேலையைச் சம்பளமில்லாமல் செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடுவது 2019-இல் சராசரியாக 299 நிமிடம், 2024-இல் 289. பத்து நிமிடம் குறைந்ததே என்று சந்தோஷப்பட்டுக் கீழே பார்த்தால், அப்படி வீட்டு வேலை செய்யும் ஆண்களின் நேரமும் 97-இலிருந்து 88 ஆகியிருக்கிறது. என் கணவரிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "நான் எத்தனை நிமிடம்?" என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். நான் வெளியே சொல்வதாக இல்லை. ஆனால் அன்றிலிருந்து குளியலறை அவர் பொறுப்பு. பகல் ஒன்றரைக்குக் குளிக்கப் போகும்போது முதலில் தரையையும் சுவரையும் தேய்த்துவிட்டு அப்புறம் குளிக்கிறார். எப்படியும் நனையப் போகிற உடம்பு, தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. இந்த ஒன்றை எல்லா வீட்டுக்கும் தயங்காமல் சொல்வேன்.

புனலூரில் இருக்கும் மதினி, என் கணவரின் அக்கா, இரண்டு பழக்கங்களைக் கொடுத்தார். அங்கே ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் எடுத்துப்போவார்கள், ஆனால் கழுவி உலர்த்தி வைத்திருக்க வேண்டும். மதினி வீட்டுக் கொடியில் பால் கவர்கள் சட்டையோடு சட்டையாகத் தொங்கும். முதலில் சிரித்தேன். இப்போது எங்கள் வீட்டிலும் தொங்குகிறது, குப்பை வாளி நாறுவதில்லை, தினமும் அதைக் கழுவும் வேலை மிச்சம். மற்றது 'டிரை டே'. வாரத்தில் ஒரு நாள் நீர் தேங்கிய எல்லாவற்றையும் கவிழ்ப்பது. டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும், அதற்குள் கவிழ்த்துவிட்டால் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை தொட்டியின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், தேய்க்க வேண்டும். தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள் வருவதால் எங்கள் வீட்டில் டிரம்மும் குடமும் ஏராளம். ஞாயிறு மதியம், குழாய் வரும் நாளாக இல்லாவிட்டால் திங்கள், அப்பாவும் பிள்ளைகளும் இதைச் செய்வார்கள். வீட்டில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே கிழமைக் கணக்கு இதுதான்.

விட்டுக்கொடுத்தவை நிறைய. பரண் பொங்கலுக்கு ஒரு முறை. மின்விசிறி இறக்கை, யாராவது விருந்தாளி அண்ணாந்து பார்ப்பாரோ என்ற பயம் வரும்போது. ஜன்னல் கம்பியை நான் பார்ப்பதே இல்லை.

ஓணத்துக்கு முந்திய பத்து நாள் மேலே சொன்ன எதுவும் செல்லாது. கேரளத்துக்குக் காய்கறி லோடு இரட்டிப்பாகும், அவர் நாளைக்கு நான்கு மணி நேரம் தூங்கினால் அதிசயம். மதினி மூலமாக எனக்குக் கசவுச் சேலைக்கு ரவிக்கை தைக்கும் வேலை குவியும். போதாததற்குச் சாரலும் இருக்கும். அந்தப் பத்து நாளும் பெருக்குவது, கழிப்பறை, அடுப்படி மூன்றோடு சரி. மடிக்காத துணியை ஒரு பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி, திருவோணம் கழிகிற வரை அத்தையின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம். சிலேட்டை மட்டும் எடுப்பதில்லை. '3 மணி' என்பதை அழித்துவிட்டு, 'இரண்டு முப்பத்தைந்து' என்று போன வருடம் பெரியவன் எழுதி வைத்தான்.