வேலை இருந்தும் ஏன் வறுமை? வாசகர் கேள்வி – பதில்

நகரங்களின் வேலை, வருமானம், வறுமை பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் பணியில்தான் என் உத்தியோக காலம் முழுக்கக் கழிந்தது. அந்தப் படிவங்களை நிரப்பியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மாநகரத்தில் வேலையின்மை மிகக் குறைவு என்று செய்தி வருகிறது. என்னைச் சுற்றி இருப்பவர்களோ மாதக் கடைசியில் கடன் வாங்கித்தான் நாளை ஓட்டுகிறார்கள். இதில் எது பொய்?
– தனியார் நிறுவன ஊழியர் ஒருவர்

இரண்டுமே உண்மைதான். யார் கஷ்டப்படுகிறார்கள் என்று அளப்பதற்காக வேலையின்மை விகிதத்தை யாரும் உருவாக்கவில்லை. கணக்கெடுக்கும் வாரத்தில் வேலை எதுவும் செய்யாமல், கிடைத்தால் சேரத் தயாராக இருந்து, வேலை தேடியும் வந்தவர் மட்டுமே அதில் வேலையில்லாதவர். கூலிக்கோ லாபத்துக்கோ அந்த வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் உழைத்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர் ஆகிவிடுவார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கூட்டும் புள்ளியியலாளர் மாநாடு 1982-இல் வகுத்த வரையறை இது. 2013-இல் அதைத் திருத்தியபோதும் அந்த ஒரு மணி நேரத்தில் கை வைக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. ஒரு நாட்டின் உற்பத்தியைக் கணக்கிடும்போது, அதற்குள் போன உழைப்பு எதுவும் விட்டுப்போகக் கூடாது. சில்லறை வேலையும் கணக்கில் வந்தாக வேண்டும். இதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த எண்ணைத் தலைப்பில் போட்டு, "நகரம் செழிக்கிறது" என்று எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. வாரம் முழுக்க உழைக்க நினைத்து இரண்டு நாள் வேலை மட்டும் கிடைத்தவரும், நிரந்தரச் சம்பளக்காரரும் அங்கே ஒரே கட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். வேலையில் இருப்பவர் 54 பேர், தேடுபவர் 6 பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 பேரில் 6 பேர், அதாவது 10 சதவீதம் வேலையின்மை. தேடுபவர்களில் 3 பேர் அலுத்துப்போய்த் தேடுவதை விட்டுவிட்டால், அவர்கள் கணக்கை விட்டே போய்விடுவார்கள். இப்போது 57 பேரில் 3 பேர்தான். விகிதம் 5.3 சதவீதமாக இறங்கிவிடும். ஒருவருக்குக்கூடப் புதிதாக வேலை கிடைக்கவில்லை. அதனால்தான் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை ஒன்றுக்கு ஆறு அளவுகளை வெளியிடுகிறது. ஆறாவதில், தேடிச் சலித்தவர்களும், முழுநேர வேலை கிடைக்காமல் பகுதிநேரத்தில் இருப்பவர்களும் சேர்ந்துவிடுவார்கள். செய்தித் தலைப்பில் வருவது மூன்றாவது.

சரி, வேலை முழுநேரமாகவே இருந்தால் வறுமை போய்விடுமா? இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் யார்க் என்ற நடுத்தர நகரம். மக்கள்தொகை ஏறத்தாழ 75,000. சாக்லேட் தொழிற்சாலைக் குடும்பத்தைச் சேர்ந்த சீபோம் ரவுன்ட்ரீ 1899-இல் அங்கே உழைக்கும் மக்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்க வைத்தார். மொத்தம் 11,560 குடும்பங்கள், 46,754 பேர். மாதிரிக்குச் சில வீடு என்று எடுக்காமல், எல்லா வீட்டுக் கதவையும் தட்டிய கணக்கு அது. அந்த வேலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

நகர மக்களில் 27.84 சதவீதம் பேர் வறுமையில் இருப்பதாக அவர் கண்டார். அவர்களில் ஒரு பகுதியினர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் உடம்பைக் காப்பாற்றும் அளவுக்குக்கூட வருமானம் எட்டாதவர்கள். அவர்களுக்கு மட்டும் காரணம் என்ன என்று பிரித்துப் பார்த்தார். சம்பாதிப்பவருக்கு வேலை இல்லாததால் வறுமையில் இருந்தவர்கள் 2.31 சதவீதம். வேலை தொடர்ந்து கிடைக்காமல் அவ்வப்போது மட்டும் கிடைத்ததால் 2.83. சம்பாதிப்பவர் இறந்துபோனதால் 15.63. குடும்பம் பெரிதாக இருந்ததால் 22.16. நிரந்தர வேலை இருந்தும் கூலி குறைவாக இருந்ததால் 51.96 சதவீதம்.

பாதிக்கு மேல்! ஏழை என்றால் சோம்பேறி, இல்லாவிட்டால் குடிகாரர் என்று நம்பியிருந்த காலத்தில் வந்த எண் இது. உங்களைச் சுற்றி இருப்பவர்கள் கடன் வாங்குவதற்கும், வேலையின்மை குறைவாக இருப்பதற்கும் முரண்பாடே இல்லை. உங்கள் நகரத்தில் எத்தனை பேருக்கு வேலை என்று கேட்டதோடு நிற்காதீர்கள். அந்த வேலை வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்றும் கேளுங்கள்.

வறுமைக்கோட்டை யார், எதை வைத்துப் போடுகிறார்கள்? நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது?
– போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்

ரவுன்ட்ரீயிலிருந்தே தொடங்கலாம். உடம்பு உழைக்கும் நிலையில் இருக்க என்ன வேண்டும் என்று உணவு, வாடகை, உடை, எரிபொருள் எல்லாவற்றையும் கூட்டினார். பெற்றோரும் மூன்று பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வந்தது. வேண்டுமென்றே கல்மனதோடு போட்ட கணக்கு. அந்தக் குடும்பம் வண்டிக்குக் காசு கொடுக்கக் கூடாது, செய்தித்தாள் வாங்கக் கூடாது, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதத் தபால்தலைகூட வாங்கக் கூடாது. இப்படி வாழ்பவர் யாரும் இல்லை என்று அவருக்கே தெரியும். யாரும் "மிகைப்படுத்திவிட்டார்" என்று சொல்ல முடியாதபடி கோட்டைத் தரையோடு தரையாக வைத்தார். இந்த விவரத்தை விட்டுவிட்டு, அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர் எல்லாம் வசதியாக இருக்கிறார் என்று பிற்பாடு பேசுவது பெரிய அநியாயம்.

அமெரிக்காவில் அரசுப் பணியில் இருந்த மாலி ஒர்ஷான்ஸ்கி என்ற பொருளாதார ஆய்வாளர் 1960-களின் தொடக்கத்தில் வேறு வழி எடுத்தார். 1955-இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, குடும்பங்கள் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவழித்தன. அதனால் மிகச் சிக்கனமான உணவுச் செலவை மூன்றால் பெருக்கினார், அவ்வளவுதான். அதுவே 1969-இல் அரசின் அதிகாரப்பூர்வ அளவானது. பிற்பாடு விலைவாசிக்கேற்ப உயர்த்தினார்களே தவிர, அடிப்படையை மாற்றவில்லை. இப்போது வாடகையும் மருத்துவமும் குழந்தைப் பராமரிப்பும் வருமானத்தை விழுங்குகின்றன, உணவின் பங்கு சுருங்கிவிட்டது. மூன்றால் பெருக்குவது இன்றைய குடும்பத்துக்குப் பொருந்தாது. இந்தக் குறையை ஈடுகட்ட 2011 முதல் இன்னொரு துணை அளவையும் வெளியிடுகிறார்கள். இடத்துக்கு இடம் மாறும் வீட்டுச் செலவு அதில் கணக்கில் வருகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு மாதிரி. எல்லோரையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் இருப்பவருக்கு வருவது இடைநிலை வருமானம். அதில் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர் வறுமை அபாயத்தில் இருப்பவர். ஊரே முன்னேறும்போது கோடும் சேர்ந்து ஏறும். உலக வங்கியின் கோடு மிக ஏழை நாடுகளை வைத்துப் போட்டது. 2025 ஜூனில் அதை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 டாலர் என்று உயர்த்தினார்கள். அந்தக் கோட்டை வைத்து ஒரு தொழில் நகரத்தை அளந்தால் ஏழையே இல்லை என்றுகூட வரலாம். தேர்வில் எழுதும்போது வறுமை விகிதத்தோடு எந்தக் கோடு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், தம்பி.

சராசரி வருமானம் உயர்ந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் வீட்டில் உயரவில்லையே?
– இல்லத்தரசி

பத்து வீடுகள் உள்ள தெருவில் ஒன்பது வீட்டுக்கு 20 ஆயிரம் வருமானம், ஒரு வீட்டுக்கு 2 லட்சத்து 20 ஆயிரம் என்று வையுங்கள். சராசரி 40 ஆயிரம். அந்த 40 ஆயிரம் அந்தத் தெருவில் யாருக்குமே வருவதில்லை! வருமானப்படி வரிசையாக நிறுத்தி நடுவில் இருப்பவரைக் கேட்டால் 20 ஆயிரம் என்பார். அதுதான் இடைநிலை வருமானம். உங்கள் நகரம் பற்றிய அறிக்கையில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

இரண்டு நடுத்தர மாநகரப் பகுதிகளின் வேலை, வறுமை நிலையை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– முதுகலை மாணவி

முதலில் எல்லை. மாநகரப் பகுதி என்பது மாநகராட்சி எல்லை அல்ல. அமெரிக்காவில் குறைந்தது 50,000 பேர் உள்ள நகரப் பகுதியை நடுவில் வைத்து, அங்கே தினமும் வேலைக்குப் போய்வருபவர்கள் அதிகம் உள்ள சுற்றுப்புற மாவட்டங்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். எல்லையை விரித்தால் வசதியான புறநகர்கள் உள்ளே வரும், வறுமை விகிதம் குறையும். ஒரே நகரத்துக்கு இரண்டு விகிதம் கண்ணில் பட்டால் பதறாதீர்கள், எல்லையைப் பாருங்கள்.

அடுத்தது மாதிரி அளவு. நாடு முழுக்க எடுக்கும் கணக்கெடுப்பில் ஒரு நடுத்தர நகரத்துக்கு விழும் வீடுகள் கொஞ்சம்தான். வறுமை விகிதம் போன ஆண்டு 14 சதவீதம், இந்த ஆண்டு 13 சதவீதம் என்றால் வறுமை குறைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். கொஞ்ச வீடுகளை மட்டும் கேட்டதால் வரும் பிழை வரம்பு அதைவிடப் பெரிதாக இருக்கலாம். பல ஆண்டுகளைச் சேர்த்த மதிப்பீடு கிடைத்தால் அதையே எடுங்கள்.

பெரிய பல்கலைக்கழகம் உள்ள நகரமா என்று பாருங்கள். விடுதிக்கு வெளியே அறை எடுத்துத் தங்கும் மாணவர்களுக்குச் சொந்த வருமானம் குறைவு. பெற்றோர் அனுப்பும் பணம் கணக்கில் முழுதாக வராது. அவர்களும் ஏழைகள் பட்டியலில் சேர்ந்து நகரத்தின் விகிதத்தை ஏற்றிவிடுவார்கள்.

கடைசியாக, உங்கள் நகரம் ஒரே தொழிலை நம்பியிருக்கிறதா? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து யங்ஸ்டவுன் நகரத்தில் 1977 செப்டம்பர் 19 அன்று ஒரு பெரிய எஃகு ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். சுமார் 5,000 பேரின் வேலை போனது. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற ஆலைகளும் மூடின. 1970-இல் ஏறத்தாழ 1,40,000 பேர் இருந்த நகரத்தில் 2020-இல் 60,000 பேர்தான். இப்படி ஜனங்கள் ஊரைவிட்டுப் போகும்போதும் வேலையின்மை விகிதம் இறங்கும். அதனால் மக்கள்தொகை ஏறுகிறதா இறங்குகிறதா என்ற வரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அந்த விகிதத்தைப் படியுங்கள். பெரிய மாநகரத்தில் ஒரு தொழில் விழுந்தால் இன்னொன்று தாங்கும். நடுத்தர நகரத்தில் ஆலை மூடினால் அதன் எதிரே இருக்கும் சிறு கடைகளும் கூடவே மூடும்.

என் கணவருக்கு வேலை போய்ப் பல மாதங்கள் ஆகின்றன. இப்போது தேடுவதையே விட்டுவிட்டார். பிடித்த புத்தகத்தைக்கூடத் தொடுவதில்லை. சோம்பேறி ஆகிவிட்டார் என்று உறவினர்கள் பேசுகிறார்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

இல்லை அம்மா, தயவுசெய்து அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சிற்றூர் ஒரு நூற்பாலையை நம்பியே இருந்தது. ஆலை மூடியது. சமூக உளவியலாளர் மேரி யஹோடாவும் அவருடைய சகாக்களும் 1930-களின் தொடக்கத்தில் அங்கே போய்ப் பார்த்தார்கள். ஆண்களுக்கு நேரம் ஏராளமாக இருந்தும், நூலகத்திலிருந்து புத்தகம் எடுப்பது கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் நடப்பதுகூட மெதுவாகிவிட்டது. அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இவர்கள் எல்லாம் அதுவரை நேரம் தவறாமல் ஆலைக்குப் போனவர்கள். வேலை போனது மனத்தின் தெம்பையும் கொண்டுபோய்விட்டது.

உங்கள் கணவருக்கும் நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். கணக்கெடுப்பில் அவர் இப்போது வேலையில்லாதவராகக்கூட எண்ணப்பட மாட்டார். வீட்டிலும் அவரை அப்படி ஒதுக்கிவிட வேண்டாம். காலையில் குறித்த நேரத்துக்கு வெளியே போகும்படி ஏதாவது ஒரு பொறுப்பை அவரிடம் கொடுங்கள். பழைய சக ஊழியர்களில் ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்; தெரிந்தவர் மூலம் வேலை கிடைப்பது எங்கும் நடப்பதுதான். தூக்கமோ சாப்பாடோ குறைந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டிலிருந்தே துண்டுக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுக்கிறேன். கணக்கெடுக்க வருபவரிடம் அதையும் சொல்ல வேண்டுமா?
– தையல் செய்யும் வாசகி

கட்டாயம் சொல்லுங்கள். "நான் சும்மாதான் இருக்கேன்" என்று சொன்ன பெண்களின் மடியில் பாதி தைத்த துணி இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டாவது கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டால், படிவத்தில் அவர் வீட்டு வேலை மட்டும் செய்பவர் ஆகிவிடுவார். கூலி குறைவு என்று சட்டம் பேசும் இடத்திலும், உதவித் திட்டம் போடும் இடத்திலும் உங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாமல் போகும். எத்தனை மணி நேரம் தைக்கிறீர்கள், துண்டுக்கு என்ன கிடைக்கிறது, நூலும் ஊசியும் யார் காசில் என்று மூன்றையும் சொல்லுங்கள். வந்தவர் கேட்காவிட்டாலும் சொல்லி, எழுதிக்கொண்டாரா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.